பின்னணிக் கணக்கு ஏன் இழுக்கிறது? பிராசசர் மின்சேமிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் திட்டங்களுக்குக் கொடுப்பவர்கள், ராத்திரி முழுக்க வீடியோ சுருக்குபவர்கள், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்யவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் என எல்லோரும் ஒருநாள் ஒரே புகாரோடு வருகிறார்கள். "வேலை ஓடுகிறது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது." பெரும்பாலும் பழி மென்பொருள்மேல் விழும். பல நேரங்களில் உண்மையான காரணம் பிராசசரின் மின்சேமிப்பு அமைப்பில் இருக்கிறது. எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் பாயிங்க் மென்பொருளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான இது, ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரொசெட்டா அட் ஹோம் போன்ற திட்டங்களின் கணக்குகளை உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. சொல்லப்படுபவை மற்றப் பின்னணி வேலைகளுக்கும் பொருந்தும்.

பிராசசர் பயன்பாடு 100 சதவீதம் என்று காட்டுகிறது. பிறகு எப்படி மெதுவாக ஓடும்?

அந்த 100 சதவீதம் வேகத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கிறது. கடந்த ஒரு வினாடியில் பிராசசர் ஓய்வே எடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். ஓய்வெடுக்காமல் எந்த வேகத்தில் உழைத்தது என்பது வேறு கணக்கு.

3.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய பிராசசர் 800 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிட்டது என்று வையுங்கள். லினக்ஸில் ‘டாப்’ கட்டளை இரண்டு நிலையிலும் 100 என்றே காட்டும். ஆனால் 6 மணி நேரத்தில் முடிய வேண்டிய கணக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் எடுக்கும். நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காகவே பெரும்பாலும் காத்துக் கிடக்கும் கணக்காக இருந்தால் இழப்பு இதைவிடக் குறையும், ஏனென்றால் நினைவகத்தின் வேகம் பிராசசரின் கடிகாரத்தோடு சேர்ந்து இறங்குவதில்லை. சுத்தமான கூட்டல் பெருக்கல் வேலையாக இருந்தால் முழு அடியும் விழும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது பயன்பாட்டு சதவீதத்தை அல்ல, கடிகார வேகத்தை.

வேகத்தைக் குறைப்பது யார்? பிராசசரா, இயங்குதளமா?

இரண்டும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் இன்டெல் தன் லேப்டாப் பிராசசர்களில் ஸ்பீட்ஸ்டெப் கொண்டுவந்தது. ஏஎம்டி பவர்நவ் என்றும், பிறகு மேசைக் கணினிகளுக்குக் கூல் அண்ட் கொயட் என்றும் இதே வேலையைச் செய்தது. வேலை இல்லாதபோது கடிகாரத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கு, வேலை வந்தால் ஏற்று, அவ்வளவுதான் கருத்து. எப்போது இறக்குவது, எப்போது ஏற்றுவது என்று முடிவெடுக்கும் பகுதிக்கு லினக்ஸில் கவர்னர் என்று பெயர்.

நெடுங்காலம் அதிகம் புழங்கியது ‘ஆன்டிமாண்ட்’ கவர்னர். 2004-இல் லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 2.6.9 பதிப்பில் வந்தது. பிராசசர் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஒரே தாவலில் உச்சவேகத்துக்குப் போகும். அதற்குப் பின்னால் வந்த ‘கன்சர்வேட்டிவ்’ படிப்படியாக ஏறும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ எப்போதும் உச்சத்திலும், ‘பவர்சேவ்’ எப்போதும் அடியிலும் நிற்கும். 2016-இல் 4.7 பதிப்போடு ‘ஷெட்யூட்டில்’ வந்தது. இது தனியாக அளக்காமல், வேலைகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஷெட்யூலரிடமே கேட்டு முடிவெடுக்கிறது.

புதிய பிராசசர்களில் இந்த முடிவின் பெரும்பகுதி சில்லுக்குள்ளேயே போய்விட்டது. இயங்குதளம் "சிக்கனம் முக்கியம்" அல்லது "வேகம் முக்கியம்" என்று சாடை காட்டுவதோடு சரி.

பின்னணி வேலைக்குக் குறைந்த முன்னுரிமைதானே கொடுத்தேன். அதற்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு வேலைக்கும் ‘நைஸ்’ என்று ஒரு எண் உண்டு. இயல்பு 0. எண் கூடக்கூட அந்த வேலை மற்றவர்களுக்கு வழிவிடும். 19 என்பது எல்லை. பாயிங்க் லினக்ஸில் தன் கணக்குகளை 19-இல்தான் ஓட்டுகிறது. இதில் தவறேதும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்கும் லாரி நல்ல லாரிதான். ஆனால் நடுராத்திரி காலியான நெடுஞ்சாலையிலும் அது 20 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய அவசியமில்லை. நைஸ் எண் ஒதுங்கச் சொல்கிறதே தவிர, மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

ஆன்டிமாண்ட் கவர்னரில் ‘இக்னோர் நைஸ் லோடு’ என்றொரு அமைப்பு இருக்கிறது. அதன் மதிப்பு 1 என்றால், நைஸ் எண் ஏற்றப்பட்ட வேலைகளைச் சுமையாகவே கவர்னர் கணக்கில் எடுக்காது. பிராசசர் முழு நேரமும் பாயிங்க் கணக்கில் மூழ்கியிருந்தாலும், கவர்னரின் கண்ணுக்கு அது ஓய்வாக இருக்கிறது. ஓய்வாக இருக்கும் பிராசசரை இறக்குவதுதானே அதன் வேலை? அடிமட்ட வேகத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இது பிழையல்ல, திட்டமிட்டே வைத்தது. எப்போது முடிந்தாலும் பரவாயில்லை என்கிற கணக்கை லேப்டாப்பில் ஓட்டுபவர், அதை நைஸ் செய்துவிட்டால் வேகம் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. பேட்டரியில் ஓடும் லேப்டாப்புக்கு நியாயமான யோசனை. கெர்னலின் இயல்பான மதிப்பும் 0-தான், அதாவது எல்லா வேலையும் கணக்கில் வரும். மின்சேமிப்புக் கருவி ஏதாவது அதை 1 ஆக்கிவைத்து, நீங்களோ சுவர் பிளக்கில் செருகிய மேசைக் கணினியில் அறிவியல் கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தால்தான் வம்பு.

இதன் விளைவு வேடிக்கையானது. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும்போது உலாவியும் மற்றவையும் கவர்னரை உசுப்பி வேகத்தை ஏற்றும். மிச்ச நேரத்தை எடுத்துக்கொள்ளும் பாயிங்க்கும் அந்த வேகத்தில் ஓடும். நீங்கள் எழுந்து போய்ப் படுத்ததும், முழுக் கணினியும் அதற்கே கிடைத்த வேளையில், வேகம் தரைக்கு இறங்கும். கணினி சும்மா இருக்கும் நேரத்துக்காகவே எழுதப்பட்ட மென்பொருள், அந்த நேரத்தில்தான் மிக மெதுவாக ஓடுகிறது.

என் கணினியில் நடப்பது இதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பின்னணிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கடிகார வேகத்தைப் பாருங்கள். லினக்ஸில் ‘சிபியுஇன்ஃபோ’ கோப்பில் ஒவ்வொரு கோருக்கும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) மெகாஹெர்ட்ஸ் வரி இருக்கும். ‘சிபியுபவர்’, ‘டர்போஸ்டாட்’ கருவிகள் இன்னும் நன்றாகக் காட்டும். பிறகு இயல்பான முன்னுரிமையில் ஏதாவது ஒரு வெட்டி வேலையைத் தொடங்குங்கள். ‘யெஸ்’ கட்டளையை எங்கும் எழுதாதபடி திருப்பிவிட்டாலே போதும், ஒரு கோர் திணறும். அந்த நொடியே அந்தக் கோரின் வேகம் 800-இலிருந்து 3,000-க்கு மேலே பாய்ந்து, வெட்டி வேலையை நிறுத்தியதும் மறுபடி இறங்கினால், குற்றவாளி பிடிபட்டார்.

வெட்டி வேலைக்கும் வேகம் ஏறவில்லையென்றால் காரணம் வேறு. கவர்னர் ‘பவர்சேவ்’ நிலையில் இருக்கலாம், பயாஸில் (இயங்குதளத்துக்கு முன்பே கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) உச்சவேகம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கலாம், வெப்பம் கூடியிருக்கலாம்.

சரி, அதை எப்படி மாற்றுவது?

‘சிஸ்’ கோப்பமைப்பில் சிபியு பிரிவுக்குள் சிபியுஃப்ரீக், அதற்குள் ஆன்டிமாண்ட் என்ற அடைவு இருக்கும். அதில் இக்னோர் நைஸ் லோடு என்ற பெயரில் ஒரு கோப்பு உண்டு. சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். ரூட் (நிர்வாகி) உரிமையோடு அதில் 0 என்று எழுதினால் உடனே வேகம் ஏறுவதைப் பார்க்கலாம். கணினியை மூடித் திறந்தால் இந்த மாற்றம் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால், கணினி தொடங்கும்போது ஓடும் சிறிய சிஸ்டம்டி சேவையாக எழுதிவையுங்கள். மின்சேமிப்புக் கருவி நிறுவியிருந்தால் அதன் அமைப்புக் கோப்பையும் பாருங்கள். நீங்கள் 0 எழுதினாலும் அது திரும்ப 1 எழுதும்.

பலர் நேராக ‘பெர்ஃபார்மன்ஸ்’ கவர்னருக்குத் தாவுகிறார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் ஒரு கோப்பில் ஒரு எண்ணை மாற்றினால் தீரும் சிக்கலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

என் லேப்டாப்பில் ஆன்டிமாண்ட் என்ற அடைவே இல்லையே?

புதிய இன்டெல் கணினியாக இருக்கும். 2013-இல் கெர்னல் 3.9-இல் ‘இன்டெல் பிஸ்டேட்’ என்ற தனி இயக்கி வந்தது. அது முழுப்பொறுப்பில் இருக்கும்போது ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘பவர்சேவ்’ என்று இரண்டே பெயர்கள் தெரியும். இங்கே பலரும் பயந்துபோகிறார்கள். பழைய பவர்சேவ் என்றால் அடிமட்ட வேகத்தில் பூட்டிவைப்பது. இன்டெல் பிஸ்டேட்டின் பவர்சேவோ தேவைக்கேற்ப ஏறி இறங்குவது. பெயர் ஒன்று, குணம் வேறு. இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு யார் பொறுப்போ, அவர் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்!

இந்த இயக்கியில் நைஸை ஒதுக்கும் அமைப்பு கிடையாது. ஷெட்யூட்டிலும் நைஸ் எண்ணைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதில்லை. ஆகவே புதிய லினக்ஸ் கணினிகளில் மேலே சொன்ன பழைய வம்பு பெரும்பாலும் ஒழிந்தது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது வேகமா சிக்கனமா என்கிற அந்தச் சாடை. ஸ்கைலேக் தலைமுறையில், 2015-இல் வந்த ஸ்பீட் ஷிஃப்ட் வசதி இதைப் பார்த்துத்தான் சில்லுக்குள்ளேயே முடிவெடுக்கிறது. டெஸ்க்டாப்பின் மின்சக்திப் பகுதியில் பவர் சேவர், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று தேர்வுகள் இருந்தால், அவை முக்கியமாகத் தொடுவது இந்தச் சாடையைத்தான். பவர் சேவரில் இருந்தால் எல்லா வேலையும் மெதுவாகும், பின்னணி என்று பாகுபாடு இல்லை.

ஏஎம்டிக்கு இதுபோன்ற ‘ஏஎம்டி பிஸ்டேட்’ இயக்கி 2022-இல் கெர்னல் 5.17-இல் சேர்ந்தது.

விண்டோஸில் கதை என்ன?

நைஸ் என்ற பெயர் இல்லை, ஆனால் அதே எண்ணம் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது.

பழைய வழி பவர் பிளான். அதன் மேம்பட்ட அமைப்புகளில் பிராசசரின் குறைந்தபட்ச, அதிகபட்ச நிலை என்று இரண்டு சதவீதங்கள் இருக்கும். அதிகபட்சம் 100-க்குக் கீழே இருந்தால் முன்னணி, பின்னணி எல்லாவற்றுக்கும் அடி. பல லேப்டாப்புகளில் பேட்டரிக்குத் தனியாக, பிளக்குக்குத் தனியாக இரண்டு மதிப்புகள் வைக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவது சகஜம்.

புதிய வழி, தனித்தனி மென்பொருளைக் குறிவைப்பது. 2017-இல் விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பில் ‘பவர் த்ராட்லிங்’ வந்தது. நீங்கள் பார்க்காத, முக்கியமில்லை என்று விண்டோஸ் கருதும் மென்பொருள்களைப் பிராசசரின் சிக்கனமான வேகத்தில் ஓட்டும். விண்டோஸ் 11-இல் இது ‘ஈகோ கியூஓஎஸ்’ என்று வளர்ந்து, 22எச்2 பதிப்பில் டாஸ்க் மேனேஜரில் ‘எஃபிஷியன்சி மோடு’ என்ற பெயரில் பச்சை இலைச் சின்னத்தோடு கண்ணுக்குத் தெரிகிறது. இலை ஒட்டிய வேலைக்கு முன்னுரிமையும் குறையும், வேகமும் குறையும். டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் ‘பவர் த்ராட்லிங்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால் யார்மேல் கைவைத்திருக்கிறது என்று தெரியும். ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையால் குறிப்பிட்ட மென்பொருளுக்கு மட்டும் இதை நிறுத்தலாம். கணினி முழுவதற்கும் அணைப்பதைவிட இதுவே நல்லது.

2021-இல் வந்த 12-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்களிலிருந்து இன்னொரு சங்கதி சேர்ந்துகொண்டது. ஒரே சில்லில் பெரிய கோர்களும் சின்னக் கோர்களும் இருக்கின்றன. அடிமட்ட முன்னுரிமையில், ஜன்னல் இல்லாமல் ஓடும் வேலையைச் சின்னக் கோர்களுக்கு அனுப்ப விண்டோஸ் முனைகிறது. பாயிங்க் பெட்டியில் எட்டுக் கணக்குகள் ஓடிக்கொண்டிருக்க, பெரிய கோர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இதுவாக இருக்கலாம். ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள். தீராவிட்டால் பாயிங்க் முன்னுரிமையை ஒரு படி உயர்த்துங்கள் (எப்படி என்பது கீழே).

டாஸ்க் மேனேஜர் 45 சதவீதம்தான் காட்டுகிறது. எல்லாக் கோர்களிலும் வேலை ஓடுகிறதே?

விண்டோஸ் 8 முதல் பல ஆண்டுகளாக டாஸ்க் மேனேஜர் தன் முதன்மைப் பக்கங்களில் காட்டிவந்த சதவீதத்தில் கடிகார வேகமும் கலந்திருந்தது. முழு நேரமும் உழைக்கும் கோர், அடிப்படை வேகத்தில் பாதியில் ஓடினால் 50 சதவீதம் என்று வரும். டர்போவில், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேலே, ஓடினால் 100-ஐத் தொட்டுவிட்டு நிற்கும். அதே மென்பொருளின் விவரப் பக்கத்தில் நேரத்தை மட்டும் வைத்து எடுத்த எண் இருக்கும். இரண்டும் பொருந்தாதபோது ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். அந்த வித்தியாசமே உங்களுக்கான தடயம்: முதல் எண் குறைவு, இரண்டாவது நிறைவு என்றால், பிராசசரை யாரோ அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். செயல்திறன் பக்கத்தில் ‘ஸ்பீடு’, ‘பேஸ் ஸ்பீடு’ இரண்டையும் ஒப்பிட்டால் உறுதியாகிவிடும்.

மேக்?

2013-இல் மேவரிக்ஸ் பதிப்போடு வந்த ‘ஆப் நாப்’, கண்ணில் படாத மென்பொருளைத் தூங்கவைக்கும். ஆப்பிளின் சொந்தச் சில்லுகள் (2020 கடைசியில் வந்த எம்1 தொடங்கி) இன்னும் கறாரானவை. ஒரு வேலை தன்னைப் ‘பேக்கிரவுண்ட்’ தரம் என்று அறிவித்துக்கொண்டால், அது சிக்கனக் கோர்களில் மட்டுமே ஓடும். பெரிய கோர்கள் நான்கும் காலியாக இருந்தாலும் அந்தப் பக்கம் போக முடியாது. மேக்கின் காப்பு மென்பொருளான டைம் மெஷின் முதல் காப்பு எடுக்கும்போது பொறுமை போவதற்கு இது ஒரு காரணம். குறைந்த முன்னுரிமை வேலைகளுக்கு வட்டில் எழுதும் வேகத்தையும் மேக் குறைப்பது இன்னொன்று.

பயனர் கையில் இங்கே அதிகமில்லை. ‘டாஸ்க்பாலிசி’ கட்டளையால் சாதாரண வேலையைப் பின்னணிக்குத் தள்ளலாம். ஆனால் மென்பொருளே தன்னைப் பின்னணி என்று எழுதிவைத்திருந்தால், வெளியிலிருந்து தூக்கிவிடுவது கைகூடாது. சூடு ஏறாத, சத்தம் போடாத லேப்டாப்புக்கு ஆப்பிள் வாங்கும் விலை இது. எனக்கென்னவோ நியாயமான விலையாகத்தான் படுகிறது.

பாயிங்க்கில் ‘பிராசசர் நேரத்தில் 60 சதவீதம்’ என்று வைத்திருக்கிறேன். அதனாலும் வேகம் குறையுமா?

குறையும், அதற்காகத்தானே வைத்தீர்கள். ஆனால் அது செயல்படும் விதம் தெரிந்தால் வைக்க மாட்டீர்கள். பாயிங்க் பிராசசரின் வேகத்தைத் தொடுவதில்லை. கணக்கைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, திரும்ப ஓடவிடுகிறது. கவர்னர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மின்விசிறியும் அதோடு சேர்ந்து மூச்சு வாங்கும். ஓடும் நேரத்தில் டர்போ உச்சம், மீதி நேரத்தில் ஒன்றுமில்லை என்பது மின்சாரக் கணக்கிலும் மோசமான வழி.

சூட்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், பயன்படுத்தும் கோர்களின் சதவீதத்தைக் குறையுங்கள். நேரத்தின் சதவீதத்தை 100-இலேயே விட்டுவிடுங்கள்.

வேகம் இறங்குவது மின்சேமிப்பாலா, வெப்பத்தாலா?

தொடங்கியவுடனேயே மெதுவாக இருந்தால் மின்சேமிப்பு. அரை நிமிடமோ சில நிமிடங்களோ நன்றாக ஓடிவிட்டு இறங்கினால் வெப்பமோ மின்வரம்போ. லேப்டாப்பில் இன்டெல் பிராசசர் குறுகிய நேரம் அதிக வாட் எடுக்கவும், பிறகு நீண்டகால வரம்புக்கு இறங்கவும் வடிவமைக்கப்பட்டது. மெல்லிய லேப்டாப்புகளில் அந்த நீண்டகால வரம்பு 15 வாட் என்று இருப்பது வழக்கம். இதை எந்த அமைப்பாலும் முழுதாக வெல்ல முடியாது. அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறிக் காற்றே அனலாக வரும் அறையில் ஓட்டினால் வெப்ப வரம்பு இன்னும் சீக்கிரம் வரும். தூசியைத் துடைப்பதில் கிடைக்கும் வேகம் சில நேரம் எந்த மென்பொருள் மாற்றத்திலும் கிடைக்காது.

ராஸ்பெரி பையில்?

ராஸ்பெரி பை 4 சும்மா இருக்கும்போது 600 மெகாஹெர்ட்ஸ், முழுவீச்சில் 1,500 (பிற்காலப் பலகைகளில் 1,800). அதன் சொந்த இயங்குதளம் ஆன்டிமாண்ட் கவர்னரைப் பயன்படுத்துவதால், மேலே சொன்ன நைஸ் சோதனை இங்கே அப்படியே பொருந்தும். ஆனால் பையில் மெதுவாவதற்கு அதிகம் காண்பது மட்டமான சார்ஜர்தான். மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகை தானாகவே வேகத்தைக் குறைக்கும். பழைய மொபைல் சார்ஜரைச் செருகிவிட்டு மென்பொருளைத் திட்டாதீர்கள். வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் குறைக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் கணக்குக்கு இதெல்லாம் கவலையில்லை, அல்லவா?

கவலை உண்டு. ஃபோல்டிங் அட் ஹோம் போன்றவற்றில் கிராஃபிக்ஸ் கார்டு கணக்குப் போட்டாலும், அதற்கு அடுத்தடுத்த வேலையைக் கையில் எடுத்துக் கொடுக்க பிராசசரில் ஒரு இழை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இழை அடிமட்ட வேகத்தில் ஓடினாலோ, மற்ற வேலைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டாலோ, கார்டு கைகட்டிக் காத்திருக்கும். இதனால்தான் பாயிங்க் கிராஃபிக்ஸ் கணக்குகளுக்குச் சாதாரணக் கணக்குகளைவிட ஒரு படி அதிக முன்னுரிமை கொடுக்கிறது. ஒரு கோரைக் காலியாக விட்டுவைப்பது நல்ல வழக்கம்.

மெதுவாக ஓடினால் கரண்ட் மிச்சம்தானே? அப்படியே விட்டுவிட்டால் என்ன?

அதிகம் வாக்குவாதம் நடக்கும் இடம் இது. இரண்டு கட்சிகளும் பாதி சரி.

பிராசசர் எடுக்கும் மின்சாரம் கடிகார வேகத்தோடும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் கூடுகிறது. வேகத்தை ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால், கடைசிக் கொஞ்சம் வேகத்துக்குக் கொடுக்கும் விலை அநியாயமானது. அந்த வகையில் மெதுவாக ஓடும் பிராசசர் அதே கணக்கைக் குறைந்த மின்சாரத்தில் முடிக்கிறது. மறுபக்கம், பிராசசர் மட்டுமா மின்சாரம் தின்கிறது? மதர்போர்டு, நினைவகம், வட்டு, பவர் சப்ளையின் வீணடிப்பு எல்லாம் கணினி ஓடும் நேரம் முழுக்கத் தின்கின்றன. வேலை நீண்டால் அந்தச் செலவும் நீளும்.

வசதிக்காக எண்கள் வைத்துப் பார்ப்போம். ஒரு கணினி சும்மா இருந்தால் 40 வாட், முழு வேகத்தில் 120 வாட், இறங்கிய வேகத்தில் 65 வாட் என்று கொள்ளுங்கள். ஒரு கணக்கு முழு வேகத்தில் 10 மணி நேரத்திலும், இறங்கிய வேகத்தில் 25 மணி நேரத்திலும் முடிகிறது. முடிந்ததும் கணினியை அணைத்துவிடுவீர்கள் என்றால், முழு வேகத்துக்கு 1.2 யூனிட், மெதுவுக்கு 1.625 யூனிட். வேகமே சிக்கனம். ஆனால் கணினி எப்படியும் நாள் முழுக்க ஓடப்போகிறது, பாயிங்க் ஒட்டிக்கொண்டு மட்டும் போகிறது என்றால், அந்த 40 வாட் எப்படியும் செலவாவதுதான். கூடுதலாக ஆவதை மட்டும் எடுத்தால் முழு வேகத்துக்கு 0.8 யூனிட், மெதுவுக்கு 0.625 யூனிட். இப்போது மெதுவே சிக்கனம்.

ஆக, "இந்தக் கணினி இந்த வேலைக்காகவா ஓடுகிறது, வேறு வேலைக்காகவா?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்காக என்றால் வேகமாக முடித்து அணையுங்கள். மற்றதற்காக என்றால், அடிமட்ட வேகமும் சரி, இக்னோர் நைஸ் லோடும் சரி, உங்களுக்கு நல்லதே செய்கின்றன. ஒரே நிபந்தனை: கணக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கெடு தவறக் கூடாது. தவறினால் செலவான மின்சாரம் முழுக்க வீண். பெரும்பாலான திட்டங்கள் அதே கணக்கை வேறொருவருக்கு அனுப்பிவிடும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. டர்போவை மட்டும் அணைத்துவிட்டு அடிப்படை வேகத்தில் ஓட்டுவது. விண்டோஸில் அதிகபட்ச பிராசசர் நிலையை 99 சதவீதம் என்று வைத்தால் பல கணினிகளில் டர்போ நின்றுவிடும். லினக்ஸில் டர்போவுக்குத் தனி அமைப்பே உண்டு. சூடு குறையும், சத்தம் குறையும், வேகம் ஓரளவுதான் குறையும். லேப்டாப்பில் இரவு முழுக்க ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறினால்?

பாயிங்க் தன் இயல்பு அமைப்பில் பேட்டரியில் நின்றுவிடும், பிளக் வந்ததும் தொடரும். பெரும்பாலும் இதில் கைவைக்கத் தேவையில்லை. யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்திருந்தால், மேசைக் கணினியும் தன்னைப் பேட்டரியில் இருப்பதாக உணர்ந்து நிறுத்தும். அதுவும் நல்லதே. இன்வெர்ட்டரில் ஓடினால் கணினிக்கு வித்தியாசம் தெரியாது, வழக்கம்போல உழைத்து இன்வெர்ட்டரைக் காலி செய்யும்.

பாயிங்க்கின் முன்னுரிமையையே உயர்த்திவிட்டால் தொல்லை விட்டதே?

பாயிங்க்கின் ‘சிசி கான்ஃபிக்’ அமைப்புக் கோப்பில் ‘பிராசஸ் பிரையாரிட்டி’ என்ற வரி இதற்காகவே உண்டு. 0 என்றால் அடிமட்டம், அதுதான் இயல்பு. 1 இயல்பைவிடக் கீழ், 2 இயல்பு, அப்படியே 5 வரை. விண்டோஸில் சின்னக் கோர்களில் மாட்டிக்கொண்டால் 1 போட்டுப் பார்க்கலாம். பல நேரம் அதுவே போதும். 2 போட்டால் உங்கள் உலாவியும் பாயிங்க்கும் சமமாகச் சண்டை போடும். சுட்டி நகர்வதில் தடுமாற்றம் தெரியும். 5 என்பது ரியல்டைம், அதை வேண்டாம் என்று பாயிங்க்கின் ஆவணமே சொல்கிறது. லினக்ஸில் கவர்னரின் குற்றத்துக்கு முன்னுரிமையை உயர்த்துவது வைத்தியமே அல்ல. நைஸ் 19-இலேயே விட்டுவிட்டு கவர்னரைத் திருத்துங்கள்; அப்போது ஒதுங்கவும் ஒதுங்கும், வேகமாகவும் ஓடும்.

மெய்நிகர் கணினிக்குள் ஓட்டினால் இந்த அமைப்புகளை எங்கே மாற்றுவது?

வெளியே. எல்எச்சி அட் ஹோம் திட்டத்தின் சில கணக்குகள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள்தான் ஓடுகின்றன. உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குப் பொதுவாகக் கடிகாரத்தின்மேல் அதிகாரம் கிடையாது. அது காட்டும் மெகாஹெர்ட்ஸ் எண்ணையும் நம்ப வேண்டாம். உள்ளே கொடுத்த நைஸ் எண் வெளியே தெரியாது. வெளியிலிருக்கும் கவர்னர் பார்ப்பது விர்ச்சுவல்பாக்ஸ் என்ற ஒரு வேலையை, அதற்கு வெளியே என்ன முன்னுரிமையோ அதை மட்டும். சர்வர் கணினிகளில் பயாஸுக்குள்ளும் மின்சேமிப்புத் தேர்வு ஒன்று இருக்கும். அது இயங்குதளத்திடம் பொறுப்பைக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டிருந்தால், லினக்ஸில் கவர்னரே கண்ணில் படாது. ‘சிபியுபவர்’ கருவி இயக்கி எதுவும் இல்லை என்று சொன்னால், கணினியை மூடித் திறந்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள்.